முதலில் சீட் மாறட்டும், பிரமோஷன் அப்புறம்

கேள்வி: பொதுத்துறை வங்கி ஒன்றில் கிளார்க்காகச் சேர்ந்து ஏழு வருடம் ஆகிறது. குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிளை. சேர்ந்ததிலிருந்து பெரும்பாலும் கேஷ் கவுண்டர்தான். பி.இ. படித்தவள். காலையில் உட்கார்ந்தால் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க முடியாது. அப்படியும் மாதாந்திர ரிவ்யூவில், "உங்க புரொடக்டிவிட்டி என்னம்மா?" என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் கேட்கிறார். அவர் கேட்பது இன்சூரன்ஸையும் புதுக் கணக்குகளையும். எனக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு பேர் ஆபீசர் ஆகிவிட்டார்கள். நான் வங்கி ஊழியர்களுக்கான ஜே.ஏ.ஐ.ஐ.பி. தேர்வில் இரண்டு பேப்பர் முடித்ததோடு நின்றுவிட்டேன். பிரமோஷன் வந்தால் வெளிமாநிலத்துக்குத் தூக்கிப் போட்டுவிடுவார்களோ என்று பயம். கணவர் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். பையனுக்கு நான்கு வயது. மாமியார் எங்களோடு இருக்கிறார். வேலூரில் ஒரு தனியார் வங்கி கூடுதல் சம்பளம் தருவதாகக் கூப்பிடுகிறது. என்ன செய்யலாம்?
– குடியாத்தம் வாசகி

சகோதரிக்கு வணக்கம்.

வங்கிக் கிளைகளிலும் பயிற்சிக் கல்லூரியிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பிரமோஷனுக்குப் போகட்டுமா வேண்டாமா என்று கேட்டுத்தான் பெரும்பாலும் கடிதங்கள் வரும். நீங்களும் அதைக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் தீர்க்க வேண்டியது ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஏழு வருடமாக நீங்கள் சீட் மாறவில்லை. அதைச் சரிசெய்யாமல் பிரமோஷனுக்குப் போனாலும் திணறுவீர்கள், தனியார் வங்கிக்குப் போனாலும் திணறுவீர்கள்.

மேனேஜர் கேட்ட கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். ஊழியரின் புரொடக்டிவிட்டிக்கு வங்கியின் ஆண்டறிக்கையில் ஒரு கணக்கு உண்டு. ஓர் ஊழியருக்கு எவ்வளவு பிசினஸ், ஓர் ஊழியருக்கு எவ்வளவு லாபம் என்று இரண்டு எண்கள் போடுவார்கள். டெபாசிட்டையும் கடனையும் கூட்டி, மற்ற வங்கிகள் போட்ட டெபாசிட்டைக் கழித்து, ஊழியர் எண்ணிக்கையால் வகுத்தால் முதல் எண் வந்துவிடும். ஒன்பது பேர் வேலை செய்யும் கிளையில் 90 கோடி பிசினஸ் என்றால் ஆளுக்கு 10 கோடி. அதில் மூன்று பேர் ரிடையர் ஆகி, மாற்று ஆள் வராமல் போனால் அதே 90 கோடி ஆளுக்கு 15 கோடி ஆகிவிடும். யாரும் ஒரு ரூபாய்கூடப் புதிதாகக் கொண்டுவரவில்லை. கவுண்டரில் வரிசைதான் நீண்டிருக்கும். ஆகவே அந்த எண்ணை வைத்து உங்களை நீங்களே எடை போட்டுக்கொண்டு மனம் வெதும்ப வேண்டாம்.

உங்கள் சீட்டில் என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். நூறு நாள் வேலைக் கூலி கணக்கில் ஏறிய மறுநாள், பிளாஸ்டிக் கவரில் மடித்த பாஸ்புக்கோடு ஒரு பாட்டி வருவார். அடையாள ஆவணங்களை மறுபடி கொடுக்கும் ரீ-கே.ஒய்.சி.யை முடிக்காததால் கணக்கு முடங்கியிருக்கும். ஆதார் ஜெராக்ஸ் வாங்கிவரப் பேரனை அனுப்பி, ஃபாரத்தை நீங்களே பூர்த்தி செய்து, மை பேடை எடுத்துக் கைநாட்டு வாங்கி, உள்ளே ஆபீசரிடம் பாஸ் செய்யச் சொல்லி, 1,500 ரூபாயை எண்ணிக் கொடுத்து முடிக்கக் கால் மணி நேரம் ஆகிவிடும். சிஸ்டத்தில் அது ஒரே ஒரு வித்டிராயல். அதே நேரத்தில் பக்கத்து சீட்டில் இருப்பவர் ஒரு நகைக் கடனை ரெனியூவல் செய்து முடித்தால், அது கிளையின் கடன் கணக்கில் தெரியும், மண்டல அலுவலகம் வரை போகும். இரண்டுமே வேலைதான். ஒன்று பதிவாகிறது, மற்றொன்று பதிவாவதில்லை.

இதில் அநியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2016-ல் யு.பி.ஐ. வந்தது. டீக்கடை, பூக்கடை வரை க்யூ.ஆர். ஒட்டியாகிவிட்டது. பணம் போட மெஷின், பாஸ்புக் அடிக்க மெஷின், கிராமத்துக்குள் போய்ப் பணம் கொடுக்க வங்கி மித்ரா. நீங்கள் ஏழு வருடமாகக் கை தேர்ந்த வேலையைத்தான் வங்கிகள் ஒவ்வொன்றாகக் கவுண்டருக்கு வெளியே அனுப்பிக்கொண்டிருக்கின்றன. இன்னும் ஏழு வருடம் அதே நாற்காலியில் இருந்தால் உங்கள் அனுபவத்துக்கு மதிப்பு ஏறாது.

வங்கிக்கு வருமானம் பெரும்பாலும் கடன் வட்டியிலிருந்துதான் வருகிறது. கடன் சீட்டில் உட்காராதவருக்கு வங்கித் தொழில் பாதிதான் தெரியும் என்று பயிற்சிக்கு வருபவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன். அதனால் உங்களுக்கும் என் முதல் ஆலோசனை, இந்த வருடமே அட்வான்ஸ் சீட், அதாவது கடன் சீட், கேளுங்கள். நகைக் கடனில் தொடங்கி, சுய உதவிக் குழு, முத்ரா, சிறுதொழில் என்று போகலாம்.

நகைக் கடன் என்றால் நகையை மதிப்பிடும் அப்ரைசர் எழுதிக் கொடுப்பதை டைப் அடிக்கும் வேலை என்று நினைத்துவிட வேண்டாம். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிகளை எடுத்துப் படியுங்கள். சொந்தச் செலவுக்காக வாங்கும் நகைக் கடனில் 2.5 லட்சம் வரை நகை மதிப்பில் 85 சதவீதம், அதற்கு மேல் 5 லட்சம் வரை 80, அதையும் தாண்டினால் 75 என்று உச்சவரம்பு. 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லா இடத்திலும் நடைமுறைக்கு வர வேண்டும் என்று கெடு. பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. முதலையும் வட்டியையும் கடைசியில் ஒரே தடவையாகக் கட்டும் கடனுக்கு, முதிர்வில் கட்ட வேண்டிய மொத்தத் தொகைக்குத்தான் இந்தச் சதவீதம். நகை மதிப்பு ஒரு லட்சம், வட்டி 9 சதவீதம், ஒரு வருடக் கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 85,000-ஐக் கையில் கொடுத்துவிட முடியாது. வட்டியும் அந்த 85,000-க்குள் அடங்க வேண்டும் என்பதால் சுமார் 78,000 வரைதான் கொடுக்கலாம். வரிசையில் நிற்பவர் "அந்த பேங்க்ல ஜாஸ்தி தராங்களே" என்று கேட்டால் காரணத்தை அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லத் தெரிந்தவர்தான் அந்த சீட்டுக்கு ஆள்.

சிறுதொழில் கடன் இன்னும் சுவாரசியமானது. நீங்கள் இருப்பது அதற்கென்றே அமைந்த வட்டாரம். குடியாத்தத்தில் தறியும் தீப்பெட்டியும், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று வரிசையாகத் தோல். பெரிய கம்பெனிக்கு ஜாப் ஒர்க் எடுத்து, ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைத்துக் கொடுக்கும் ஒரு சின்ன யூனிட் நடைமுறை மூலதனம் கேட்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 60 லட்சம் விற்றுமுதல் எதிர்பார்க்கிறார்கள். சிறு தொழில்களுக்குப் பல காலமாக இருக்கும் விற்றுமுதல் முறைப்படி, அதில் கால் பங்கு, அதாவது 15 லட்சம் தேவை என்று எடுத்துக்கொண்டு, 5 சதவீதமான 3 லட்சத்தை முதலாளி போட, 20 சதவீதமான 12 லட்சத்தை வங்கி தரலாம். கணக்கு இவ்வளவுதான். ஆனால் 60 லட்சம் நிஜமா? தோல் வந்து, வெட்டி, தைத்து, அனுப்பி, பணம் கைக்கு வர எத்தனை நாள் ஆகிறது? ஆர்டர் நின்றால் எத்தனை வாரம் தாங்குவார்கள்? மற்ற ஊழியர்கள் இதையெல்லாம் பார்ட்டியிடம் கேட்டு, அவர் சொல்வதை நம்ப வேண்டும். உங்களுக்கு ஆம்பூர் ஷூ கம்பெனி சூப்பர்வைசர் வீட்டிலேயே இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை உட்கார வைத்து, ஒரு ஜோடி ஷூ ஆர்டரிலிருந்து பில் பணம் வரை எப்படிப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். பயிற்சிக் கல்லூரியில் இந்தப் பாடம் கிடைக்காது. அவருடைய கம்பெனியின் உள்விவகாரத்தைக் கேட்க வேண்டாம், தொழிலின் போக்கு போதும்.

உங்களிடம் இன்னொரு சொத்தும் இருக்கிறது. நீங்கள் அதைக் கவனித்திருக்க மாட்டீர்கள். ஏழு வருடமாக ஊரே உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பணம் வாங்கியிருக்கிறது. கடன் தவணை தவறினால், எச்சரிக்கைப் பட்டியலில் முதல் 30 நாள் எஸ்.எம்.ஏ. 0, அடுத்த 30 நாள் எஸ்.எம்.ஏ. 1, அதற்கடுத்த 30 நாள் எஸ்.எம்.ஏ. 2, 90 நாளைத் தாண்டினால் என்.பி.ஏ., அதாவது வாராக்கடன். புதிதாக வந்த ஆபீசர் போன் செய்தால் எடுக்காத ஆள், "கவுண்டர்ல இருக்கற மேடம் பேசறாங்க" என்றால் எடுப்பார். தறி ஓடுகிறதா, நிற்கிறதா, மகள் கல்யாணச் செலவா, உடம்புக்கு முடியாமல் போனதா என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். எஸ்.எம்.ஏ. பட்டியலில் பத்துக் கணக்கை உங்கள் பேரில் கேட்டு வாங்குங்கள். கூப்பிடுவது காலை எட்டு மணிக்கு மேல், மாலை ஏழு மணிக்குள் இருக்கட்டும். மாதக் கடைசியில் அதில் எத்தனை சரியாயிற்று என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கணக்கு எண், பெயர் எதுவும் வேண்டாம், எண்ணிக்கை போதும். அடுத்த ரிவ்யூவில் மேனேஜர் கேட்டால் சொல்வதற்கு உங்களிடம் ஒரு விஷயம் இருக்கும்.

சீட் எப்படிக் கேட்பது? மார்ச்சில் கேட்காதீர்கள், காலாண்டு முடிவிலும் வேண்டாம். ஏப்ரல் நடுவில், மாலை கேஷ் டாலி ஆன பிறகு தனியாகப் போய்ப் பேசுங்கள். "சார், ரிவ்யூல எல்லார் முன்னாடியும் கேட்டது எனக்குக் கஷ்டமா இருந்தது" என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம். அப்புறம், "வாரத்துல ரெண்டு நாள் மதியத்துக்கு மேல நகைக் கடன் சீட்ல உட்கார்றேன், கூட்டம் வந்தா கவுண்டருக்கு வந்துடறேன்" என்று அவர் உடனே சரி என்று சொல்லக்கூடிய சின்ன அளவில் கேளுங்கள். ஆள் பற்றாக்குறை என்று அவர் சொல்வார். அது உண்மையாகவும் இருக்கும். இரண்டு மாதம் கழித்து மறுபடி கேளுங்கள், இந்தத் தடவை எழுத்தில். ஒரே ஆளை ஒரே சீட்டில் வருடக்கணக்கில் வைக்கக் கூடாது என்பது வங்கிப் பாதுகாப்புக்கான விதி. சென்சிட்டிவ் என்று பட்டியலிட்ட சீட்டுகளில் இருப்பவர்களுக்கு, முன்கூட்டிச் சொல்லாமல், வருடத்தில் ஒரு முறையாவது தொடர்ந்து 10 வேலை நாளுக்குக் குறையாமல் கட்டாய விடுப்பு கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்வதும் அதே காரணத்துக்காகத்தான். அதனால் நீங்கள் கேட்பது சலுகை இல்லை.

கடன் சீட்டுக்குப் போனதும் ஒரு விஷயத்தில் கல்லாக இருங்கள். நெரிசலான நேரத்தில் "பாஸ்வேர்டைச் சொல்லும்மா, நானே பாஸ் பண்ணிக்கறேன்" என்று யார் கேட்டாலும், மேனேஜரே கேட்டாலும், கொடுக்காதீர்கள். ஒருவர் பதிய, இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற ஏற்பாடே ஒரு கை செய்வதை இன்னொரு கண் பார்ப்பதற்காகத்தான். நகைக் கடன் மோசடி ஏதாவது வெளியே வரும்போது, விசாரணையில் யாருடைய ஐ.டி. என்றுதான் கேட்பார்கள். அவசரத்தில் கொடுத்தேன் என்பது அங்கே எடுபடாது.

இன்சூரன்ஸ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வங்கி கார்ப்பரேட் ஏஜென்டாக இருந்தால், அதற்கான பயிற்சியும் தேர்வும் முடித்துச் சான்று பெற்றவர்தான் பாலிசியை விற்கலாம். உங்களுக்கு அந்தச் சான்று இல்லாவிட்டால் அதையே சொல்லுங்கள். இருந்தால், தேவைப்படுகிறவர்களுக்குத் தாராளமாகச் சொல்லுங்கள். வருடத்துக்கு 436 ரூபாயில் ஆயுள் காப்பீடும், 20 ரூபாயில் விபத்துக் காப்பீடும் தருகிற பிரதம மந்திரி திட்டங்களைத் தறிக்காரர்களிடமும் பீடித் தொழிலாளர்களிடமும் சொல்ல யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. கடன் கேட்டு வந்தவரிடம் பாலிசி போட்டால்தான் ஃபைல் நகரும் என்று சொல்வது மட்டும் கூடவே கூடாது. லாகின் டே என்று பாலிசி விற்கக் குறித்த நாளில் எவ்வளவு நெருக்கினாலும் சரி. உங்களுக்கெல்லாம் வருகிற பி.எல்.ஐ. என்ற ஊக்கத் தொகைகூட, வங்கி நிர்வாகங்களும் சங்கங்களும் 2020-ல் கையெழுத்திட்ட இருதரப்பு ஒப்பந்தப்படி, மொத்த வங்கியின் லாப வளர்ச்சியைப் பொறுத்து வந்தது. தனி ஆள் எத்தனை பாலிசி விற்றார் என்று பார்த்து அதைத் தரவில்லை.

இனி பிரமோஷன். 2024 மார்ச் 8-ல் கையெழுத்தான ஒப்பந்தப்படி கிளார்க்கின் அடிப்படைச் சம்பளம் 24,050-ல் தொடங்கி 64,480-ல் முடிகிறது. ஸ்கேல் ஒன்று ஆபீசருக்கு ஆரம்பமே 48,480. ஆபீசர் ஆனால் ஓவர்டைம் கிடையாது, கடிகாரத்தைப் பார்த்து எழுந்திருக்கவும் முடியாது, இந்தியாவில் எங்கே போட்டாலும் போக வேண்டும். ஆர்டர் வந்த பிறகு வேண்டாம் என்று சொன்னால் பல வங்கிகளில் சில வருடங்களுக்கு மறுபடி எழுத விடமாட்டார்கள். உங்கள் வங்கியின் பிரமோஷன் பாலிசியை சங்கத்துக்காரரிடம் வாங்கி, கிளார்க்கிலிருந்து ஆபீசர் ஆனவர்களைக் கடந்த இரண்டு மூன்று வருடமாக எங்கே போட்டிருக்கிறார்கள் என்று பெயரோடு விசாரியுங்கள். வதந்தியை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

என் சொந்த அபிப்பிராயம், போங்கள், அதுவும் சீக்கிரம் போங்கள். பலர் பையன் வளரட்டும் என்று தள்ளிப்போடுவார்கள். அது தலைகீழ்க் கணக்கு. ஒன்றாம் வகுப்புப் பையனை வேறு ஊர்ப் பள்ளியில் சேர்க்கலாம், இரண்டு மூன்று வருடம் கழித்துத் திரும்பவும் கொண்டுவரலாம். அவன் பத்தாவதோ பிளஸ் டூவோ படிக்கும்போது ஆர்டர் வந்தால் நீங்கள் தனியாகத்தான் போக வேண்டியிருக்கும். மாமியாருக்கும் இன்று பேரனைப் பார்த்துக்கொள்ளத் தெம்பு இருக்கிறது. ஆனால் இதை நீங்கள் ஒருவர் தீர்மானிக்க முடியாது. வீட்டுக்காரரோடும் மாமியாரோடும் உட்கார்ந்து, அவன் எங்கே இருப்பான், வார இறுதியில் யார் யாரிடம் போவது, வாடகை இரண்டு இடத்தில் ஆகுமா என்பதைப் பேப்பரில் எழுதிப் பேசுங்கள். தேர்வுக்கு விண்ணப்பிக்கும் முன்பே இந்தப் பேச்சு முடிந்துவிட வேண்டும். கடன் சீட்டில் குறைந்தது ஒரு வருடம் இருந்த பிறகு விண்ணப்பித்தால், நேர்காணலில் என்ன கேட்டாலும் புத்தகத்தைத் தேடாமல் பதில் சொல்வீர்கள். புதுக் கிளையில் முதல் வாரமே ஃபைலைக் கையில் கொடுத்தாலும் நடுங்க மாட்டீர்கள்.

தனியார் வங்கியைப் பொறுத்தவரை, இப்போதைக்கு வேண்டாம். அவர்கள் உங்களைக் கூப்பிடுவது குடியாத்தத்தில் உங்களுக்கு இருக்கும் முகப் பழக்கத்துக்காக. டெபாசிட்டையும் பாலிசியையும் கொண்டுவரும் வேலையாகத்தான் பெரும்பாலும் இருக்கும். நீங்கள் இங்கே எதற்குக் கஷ்டப்படுகிறீர்களோ, அதையே முழுநேரமாகச் செய்ய வேண்டும். இன்னமும் மனசு அங்கேதான் இருக்கிறது என்றால், ஆஃபர் லெட்டரில் நிலையான சம்பளம் எவ்வளவு, டார்கெட்டைப் பொறுத்தது எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். பென்ஷன் போய்விடும் என்ற பயம் வேண்டாம். 2010 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்த நீங்கள் என்.பி.எஸ். ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கிறீர்கள், அந்தக் கணக்கு உங்கள் கூடவே வரும். ஐந்து வருடம் தாண்டிவிட்டதால் கிராஜுவிட்டியும் உண்டு. ஆனால் ஊழியர் சலுகை வட்டியில் வீட்டுக் கடன் வாங்கியிருந்தால், ராஜினாமா செய்த பிறகு அந்த வட்டி நிற்காது. அந்த வித்தியாசத்தைக் கழித்துவிட்டு, கூடுதல் சம்பளம் என்று சொல்கிறார்களே, அது உண்மையில் எவ்வளவு என்று பாருங்கள்.

ஜே.ஏ.ஐ.ஐ.பி. பற்றி. நீங்கள் எந்த இரண்டு பேப்பர் முடித்தீர்கள் என்று எழுதவில்லை. கணக்கியலும் நிதி மேலாண்மையும் சேர்ந்த பேப்பர் பாக்கி என்றுதான் ஊகிக்கிறேன். இன்ஜினியரிங் படித்து வந்தவர்கள் பெரும்பாலும் அதில்தான் நிற்பார்கள். இருப்புநிலைக் குறிப்பு, விகிதங்கள், நடைமுறை மூலதனம் என்று அதில் வருவதெல்லாம் கடன் சீட்டில் கையில் வருகிற பேப்பர்தான். பழைய சிறுதொழில் ஃபைல் ஒன்றை மேனேஜர் அனுமதியோடு கிளையிலேயே உட்கார்ந்து பாருங்கள், போனில் போட்டோ எடுக்காதீர்கள். புத்தகத்தில் வாரக்கணக்கில் புரியாதது அங்கே ஒரு மாலையில் புரியும். பாஸாக 50 மதிப்பெண் போதும். தேறிய பேப்பர்களுக்கான கிரெடிட் குறிப்பிட்ட காலம்தான் செல்லும், உங்களுடையது எதுவரை என்று இன்றைக்கே தேர்வு நடத்தும் ஐ.ஐ.பி.எஃப். லாகினில் பார்த்துவிடுங்கள். தேர்வு வழக்கமாக மே, நவம்பரில் வரும். மே நடுவில் உங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, வீடு நிறைய விருந்தாளிகள். நவம்பரில் பென்ஷன்காரர்கள் உயிர்ச் சான்றோடு வாசலிலேயே நிற்பார்கள். காலம் இருந்தால் நவம்பரையே எடுங்கள். கிளையில் கூட்டம் மாலை நான்கு மணிக்கு முடிந்துவிடும், விருந்தாளிகளுக்கு அப்படி ஒரு நேரம் கிடையாது.